குடிபெயர்ந்தனர்

ஜனவரி 9

தம்பிக்கு அக்கா எழுதுவது.

நானும் உன் அத்தானும் இருக்கிறோம். அதற்கு மேல் நலம் சொல்ல இங்கே ஒன்றுமில்லை. என் முழங்கால் படியேறும்போது மட்டும் பேசுகிறது. அத்தானுக்குக் காது இன்னும் மந்தமாகிவிட்டது. தொலைக்காட்சிச் செய்தியை அடுத்த தெருவுக்கும் சேர்த்து வைக்கிறார். அவருக்கு விழுவதில்லை, எனக்கு விழுகிறது. நாட்டு நடப்பு முழுவதும் என் தலையில்தான். நீ, உன் வீட்டுக்காரி, பெரியவள், சின்னவன் எல்லாரும் எப்படி? உன் சர்க்கரை எவ்வளவு என்று எண்ணோடு எழுது. 'கட்டுப்பாட்டில் இருக்கிறது' என்று எழுதினால் அது மேடைப் பேச்சு.

இந்தக் காலத்தில் ஏன் கடிதம் என்று கேட்பாய். போன் செய்தால் உன் உதவியாளன் எடுத்து, "அண்ணன் மீட்டிங்ல இருக்காரும்மா" என்கிறான். நீயே எடுத்தாலும் பக்கத்தில் நாலு பேர் இருக்கிறார்கள். அந்த நாலு பேருக்கும் கேட்கிற மாதிரிதான் என்னிடம் பேசுகிறாய். கடிதத்தை ஸ்பீக்கரில் போட முடியாது.

நேற்று உங்கள் சட்டமன்றக் கூட்டத்தைக் காட்டினார்கள். மூன்றாவது வரிசையில் நீ. யாரோ பேசிக்கொண்டிருந்தார், நீ கொட்டாவி விட்டாய். "பாரு, ஒரு லட்சம் பேரோட கொட்டாவிய ஒருத்தனே விடறான்" என்றார் அத்தான். சிரித்தேன். பிறகு யோசித்தேன். முப்பத்து மூன்று வருடம் வீடு வீடாகப் போய் ஊசி போட்டவள் நான். ஒரு குழந்தைக்குப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக் குழந்தையிடம் 'உனக்கும் சேர்த்துப் போட்டாச்சு' என்று சொல்ல முடியாது. உங்கள் தொழிலில் மட்டும் அது முடிகிறது. தப்பு என்று சொல்ல வரவில்லை. ஒரு லட்சம் பேருக்கு அங்கே நாற்காலி போட இடமில்லை, தெரியும். ஆனால் அனுப்பியவர்கள் இருக்கிறார்களா என்று நடுநடுவே எண்ணிப் பார்க்க வேண்டாமா? ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது, எண்ணும் புத்தி போகவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். செங்கல் சூளை வரிசையில் ஐம்பத்தெட்டு வீடுகள். புதிய வாக்காளர் பட்டியலில் அதில் ஒரு வீடுகூட இல்லை. போன தேர்தலில் ஓட்டுப் போட்டவர்கள் அவர்கள். நூற்று நாற்பத்தேழு பெயர், துடைத்து எடுத்த மாதிரி. "உங்க தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா" என்று வாசலில் வந்து நிற்கிறார்கள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டேன். இறுதிப் பட்டியல் ஏப்ரல் கடைசியில் வருகிறதாம். அதற்குள் பார்.

உன் அக்கா


ஜனவரி 21

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்த அன்று வீடே சிரித்தது. கொட்டாவியைப் பெரியவள் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறாள். அத்தானிடம் சொல், அது அலுப்பினால் வந்த கொட்டாவி, அலட்சியத்தினால் அல்ல. முந்தைய நாள் பதினோரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். எல்லாரும் சௌக்கியம். சர்க்கரை 160. எண்ணோடு எழுதிவிட்டேன். உன் முழங்காலுக்கு ஒரு உறை அனுப்பியிருக்கிறேன், போட்டுக்கொள், பெட்டியிலேயே வைத்துவிடாதே.

பட்டியல் தயாரிப்பது தனி அலுவலகம், அக்கா. நான் பேசினால் உறுப்பினர் தலையிடுகிறார் என்பார்கள், பேசாவிட்டால் கண்டுகொள்ளவில்லை என்பார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடிதான். ஆனாலும் நீ சொன்னதற்காகப் பார்க்கிறேன்.

ஜூனில் தேர்தல் என்று பேச்சு. போன தடவை மாதிரி என்னோடு ஒரு நாள் தெருவில் நடந்து வருவாயா? உனக்கு அரசியல் பிடிக்காது, தெரியும். சும்மா நடந்தால் போதும். இன்றைக்கும் என் பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரிவதில்லை. 'ஊசியக்கா தம்பி' என்றால் கதவு திறக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


பிப்ரவரி 2

தம்பிக்கு,

உறை வந்தது, போட்டிருக்கிறேன். கால் பூசணிக்காய் மாதிரி இருக்கிறது, வலி கொஞ்சம் தேவலை. 160 என்பது சாப்பிடுவதற்கு முன்பா பின்பா? அதைச் சொல்லாத எண்ணும் மேடைப் பேச்சுதான்.

'பார்க்கிறேன்' என்று எழுதியிருக்கிறாய். எங்கள் சுகாதார நிலையத்தில் பார்க்கிறேன் என்றால் இமையைத் தூக்கிப் பார்ப்போம், நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்போம். நீ எதைத் தூக்கிப் பார்த்தாய்?

காத்திருக்க முடியாமல் நானே பட்டியல் அலுவலகத்துக்குப் போனேன். சூளை வரிசையிலிருந்து ஒருத்தி கூட வந்தாள். பச்சைக் கல்லைச் சுமந்து அடுக்குகிறவள். வரிசையில் எல்லாரும் அவளைச் சுமைக்காரி என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தாள். இரண்டு மணி நேரம் நின்றோம். நின்றது நான், அவள் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டாள், கெட்டிக்காரி. எங்கள் முறை வந்ததும் குமாஸ்தா கணினியைப் பார்த்தார்.

"அந்த வரிசையில யாரும் குடியில்லன்னு ஆட்சேபம் வந்திருக்கு. ஆதாரத்தோட குடுத்திருக்காங்க."

"நான் இங்கதானே நிக்கிறேன்" என்றாள் சுமைக்காரி.

"நிக்கிறீங்கம்மா. குடியிருக்கீங்கன்னு காயிதம் இருக்கா?"

அவளிடம் என்ன காகிதம் இருக்கும்? கொட்டகை முதலாளியுடையது, விளக்கு முதலாளியுடையது. ரசீது என்ற ஒன்றை அவள் கண்ணால் கண்டதில்லை. ஆதாரத்தோடு நோட்டீஸ் வரும், அதற்கப்புறம் விசாரணை என்றார். வெளியே வந்ததும் அவள் என்னைக் கேட்டாள், "ஓட்டு கேக்க வரும்போது மட்டும் வீடு தெரிஞ்சுதே, அப்ப யார்கிட்ட கேட்டு வந்தாங்க?" உண்மையில் என்னிடம் கேட்டுத்தான் வந்தீர்கள். நீ முதல் தடவை நின்றபோது என் குடும்பப் பதிவேட்டின் நகலை, அந்தத் தடி நோட்டை, உன்னிடம் கொடுத்தேன். எந்த வீட்டில் யாருக்கு இழுப்பு, யார் மகள் பிரசவித்திருக்கிறாள் என்று படித்துக்கொண்டு போய் விசாரித்தாய். நோயாளியின் சங்கதியை வெளியே கொடுக்கக் கூடாது என்று தெரிந்தே கொடுத்தேன். தம்பி என்று வந்துவிட்டால் சட்டம் கொஞ்சம் ஒதுங்கி நிற்கிறது.

அந்த நோட்டை அனுப்பி வை. சூளை வரிசை அதில் வீட்டு எண்ணோடு இருக்கிறது. அரசாங்கத் தாதி எழுதியது. அதைவிடப் பெரிய ஆதாரம் அவர்களுக்கு வேண்டாம்.

தெருவில் நடப்பதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

அக்கா


பிப்ரவரி 19

தம்பிக்கு,

நலம். பதில் இல்லை. நோட்டும் இல்லை.

நீ வேலையாக இருப்பாய் என்று அத்தான் சொல்கிறார். அவர் எப்போதும் உன் கட்சி. கட்சி என்றதும் ஞாபகம் வருகிறது: அடுத்த தெருவில் போன வாரம் இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே கொடிக்கம்பத்துக்குச் சண்டை போட்டு, ஒருவன் மண்டையில் நாலு தையல். என்னிடம்தான் ஓடி வந்தான், நான் வேலையில் இல்லை என்பதை மறந்துவிட்டு. பஞ்சை வைத்து அழுத்தி ஆட்டோ ஏற்றிவிட்டேன். போகும்போது, "யாருக்குப் போடுவீங்கக்கா?" என்று கேட்கிறான். ரத்தம் காது வழியாக ஒழுகுகிறது, அவனுக்கு ஓட்டுக் கவலை. கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இப்போதெல்லாம் எதற்குமே எனக்கு ஒன்றும் வருவதில்லை. செய்தியைக் கேட்கிறேன், சோறு வடிக்கிறேன், தூங்குகிறேன்.

நோட்டை அனுப்பு. தபாலில் வேண்டாமென்றால் இந்தப் பக்கம் வருகிற யாரிடமாவது கொடுத்துவிடு.

அக்கா


மார்ச் 1

அன்புள்ள அக்கா,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். சின்னவனுக்குக் காய்ச்சல், இப்போது சரியாகிவிட்டது. பெரியவளுக்குத் தேர்வு நெருங்குகிறது. வீட்டில் தொலைக்காட்சியே போடுவதில்லை. அத்தானை இங்கே அனுப்பினால் மெலிந்துவிடுவார். என் வீட்டுக்காரி உனக்குத் தனியாக எழுதுவதாகச் சொன்னாள். சர்க்கரை 185, சாப்பிடுவதற்கு முன்பு. திட்டாதே.

நோட்டு வீடு மாற்றியபோது எங்கேயோ போய்விட்டது. தேடச் சொல்லியிருக்கிறேன்.

அக்கா, இந்தச் சூளை வரிசை விவகாரத்தை நீ விட்டுவிடு. உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். விசாரணை, அலுவலகம் என்று இந்த வயதில் ஏன் அலைகிறாய்? அதைப் பார்த்துக்கொள்ள வக்கீல்கள் இருக்கிறார்கள். அவர்களோடு நீ போய் நிற்க வேண்டாம். வேறு ஒன்றும் கேட்காதே.

உன் தம்பி


மார்ச் 6

தம்பிக்கு,

சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டது கேட்டு நிம்மதி. தண்ணீர் நிறையக் கொடுக்கச் சொல்.

நோட்டைத் தேட வேண்டாம். இருக்கிற இடம் தெரிந்துவிட்டது.

நேற்றுச் சாயங்காலம் சுமைக்காரி நோட்டீஸை எடுத்துக்கொண்டு வந்தாள். கூட ஏழெட்டுப் பேர். ஏப்ரல் பதினேழு விசாரணை. பின்னால் ஆதாரம் என்று மூன்று தாள், நகல் எடுத்தது. "எங்களுக்குப் படிக்க வரல, என்ன எழுதியிருக்கு பாருங்கக்கா" என்று கொடுத்தாள். கண்ணாடி போடும் முன்பே தெரிந்துவிட்டது, தம்பி. நான் 'கு' போடுகிற விதம் உனக்குத் தெரியும், வாலை நீட்டி இழுப்பேன். ஐம்பத்தெட்டு வரி. ஒவ்வொரு வரியின் கடைசிக் கட்டத்திலும் ஒரே சொல். குடிபெயர்ந்தனர். குடிபெயர்ந்தனர். குடிபெயர்ந்தனர். கீழே என் கையெழுத்து, நிலையத்தின் முத்திரை.

"யார் எழுத்துக்கா இது?" என்று கேட்டாள்.

"ஆபீஸ் எழுத்து" என்றேன்.

டீ போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார்கள்.

நீ ஏன் வேறு ஒன்றும் கேட்காதே என்றாய் என்பது புரிந்தது. நானும் உன்னிடம் ஒன்று சொல்லவில்லை, அதை இப்போது சொல்கிறேன். அந்த வரிசையில் விடிவதற்கு முன்பே சூளைக்குப் போய்விடுவார்கள். ஊசி போட்டால் பிள்ளைக்கு இரண்டு நாள் காய்ச்சும், தாய்க்கு இரண்டு நாள் கூலி போகும். அதனால் வேண்டாமென்றார்கள். ஒருவன் கட்டையை எடுத்துக்கொண்டு துரத்தினான். மூன்று முறை போனேன், நான்காம் முறை போகவில்லை. பட்டியலில் பெயர் இருந்து ஊசி விழவில்லை என்றால் மேலிடம் கேட்கும். பெயரே இல்லையென்றால் யாரும் கேட்க மாட்டார்கள். இதை எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தருவதில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம் மூத்தவள் ஒருத்தி டீ குடித்துக்கொண்டே சொல்லிக் கொடுத்தாள்: "வீட்டுக்குப் போக முடியலயா, வீட்டையே அனுப்பிடு." எல்லாரும் செய்தோம். ஒன்பது வருடத்துக்கு முன் அந்த வரிசை முழுவதையும் ஒரே மதியத்தில் அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை பழைய தாளைப் பார்த்துப் பார்த்தே எழுதினேன். அந்த நிலையத்துக்கு ஒவ்வொரு வருடமும் நூறு சதவீதம். மேடையில் ஏற்றிச் சால்வை போட்டார்கள். நீ முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாய்.

பிப்ரவரியில் நோட்டை ஆதாரமாகக் கேட்டேனே, மறந்துபோய்க் கேட்டேன் என்று சொன்னால் பொய். அந்தக் கடைசிக் கட்டத்தை நான் நினைப்பதே இல்லை. வீட்டு எண்ணை நினைப்பேன், ஆட்களை நினைப்பேன், அந்தக் கட்டத்துக்கு வந்ததும் மனசு தாண்டிவிடும். அனுப்பின அந்த வருடமே வரிசையில் தட்டம்மை வந்தது. அதைப் பற்றி இப்போது எழுத முடியாது.

நோட்டைக் கொடுத்தது யார், நீயா, உன் ஆட்களா? அதை மட்டும் எழுது. போன தடவை நீ ஜெயித்தது நூற்றுப் பதினெட்டு ஓட்டில். வரிசையில் இருப்பது நூற்று நாற்பத்தேழு. குடிநீர்க் குழாய் வரவில்லை, இந்த முறை ஓட்டு உனக்கு இல்லை என்று கூட்டம் போட்டுச் சொன்னவர்கள். எனக்குக் கணக்கு வரும்.

அக்கா


மார்ச் 28

அன்புள்ள அக்கா,

நலம் என்று எழுதினால் பொய்யாக இருக்கும், அதனால் விட்டுவிடுகிறேன்.

மூன்று வாரமாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழிக்கிறேன். நான்தான் கொடுத்தேன். ஆட்சேபத்துக்கு ஆதாரம் வேண்டும் என்று எங்கள் கட்சி வார்டுச் செயலாளர் கேட்டார், எடுத்துக் கொடுத்தேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபிக்காதே. நீ எழுதியதைத்தான் கொடுத்தேன். நான் ஒரு எழுத்துக்கூடச் சேர்க்கவில்லை.

அவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியாதா என்று கேட்பாய். தெரியும். எதிரில் நிற்பவன் யார் என்று உனக்கும் தெரியும். அவன் வந்தால் சூளைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நிலம் முழுவதும் விற்றுப்போகும், வரிசையே இருக்காது. நான் திரும்ப வந்தால் ஒரு வருடத்தில் குழாய் போட்டுவிடுவேன், எழுதி வைத்துக்கொள். நூற்று நாற்பத்தேழு பேருடைய ஓட்டு இல்லாமலே நூற்று நாற்பத்தேழு பேருக்கும் நல்லது செய்ய முடியும். இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் பாதிப் பேர் செய்வது அதுதான். உன்னிடம் சொல்வதற்கு என்ன, கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் பழகிவிட்டது.

நீ பேசாமல் இருந்தால் இது ஆபீஸ் எழுத்தாகவே முடிந்துவிடும். இதில் உன் பெயர் கெட்டுவிடக் கூடாது என்பதுதான் என் முதல் கவலை.

உன் தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

கால் பரவாயில்லை. அத்தானுக்குச் சளி.

உன் முதல் கவலை நான் என்று எழுதியிருக்கிறாய். இருக்கட்டும், இரண்டாவது என்ன என்று நான் கேட்கவில்லை.

அவர்கள் இல்லாமலே அவர்களுக்கு நல்லது என்கிறாய். உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லை. நானும் அதைத்தான் செய்தேன், அவர்கள் இல்லாமல் நூறு சதவீதம். ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஒரே புத்தி. எனக்கு மேலே ஒரு மேலிடம் இருந்தது, உனக்கு மேலே ஒன்று இருக்கிறது. கீழே இருக்கிறவர்கள் மட்டும் யாருடைய தாளிலும் இல்லை. ஆட்சி எத்தனை முறை மாறினாலும் இது ஏன் மாறவில்லை என்று செய்தியைக் கேட்டுக்கொண்டு நான் யோசித்ததெல்லாம் வீண். நாலு ஊசி போடச் சோம்பிய மதியத்தில் இருக்கிறது பதில்.

இவ்வளவு எழுதியும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பல் பிடுங்குவதற்கு முன் மரத்துப்போக ஊசி போட்டால் கன்னம் இருக்கும், நம்முடையது என்று தெரியாது. அப்படித்தான் இருக்கிறது.

நீயே அலுவலகத்துக்கு எழுதி ஆட்சேபத்தைத் திரும்பப் பெற்றுக்கொள். பதினேழாம் தேதிக்குள் செய்தால் என் வாயைத் திறக்க வேலையில்லை. செய்யாவிட்டால் நான் போய் அது என் எழுத்து, அது பொய் என்று சொல்லுவேன்.

அக்கா


ஏப்ரல் 10

அக்கா,

திரும்பப் பெற முடியாது. பெற்றால் பொய் ஆட்சேபம் கொடுத்தவன் என்று என்மேல் வழக்கு வரும், சீட்டு இன்னொருவனுக்குப் போகும். இது என் கையில் இல்லை.

நீ போனால் பென்ஷனை நிறுத்துவார்கள். போட்ட சால்வையைப் பற்றித் தொலைக்காட்சியில் நாலு பேர் உட்கார்ந்து பேசுவார்கள். அத்தானுக்கு வேண்டுமானால் விழாது, உனக்கு விழும். அம்மா போன பிறகு எனக்குச் சோறு ஊட்டியவள் நீ. உன் காலில் விழுந்து கேட்கிறேன், அன்றைக்கு மட்டும் உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லிவிடு. மருத்துவச் சான்று நான் வாங்கி அனுப்புகிறேன்.

தம்பி


ஏப்ரல் 20

தம்பிக்கு அக்கா எழுதுவது.

அத்தானுக்குச் சளி குறைந்துவிட்டது. நான் இருக்கிறேன். நீ அனுப்பிய மருத்துவச் சான்று வந்தது. எனக்கு மஞ்சள் காமாலை என்று போட்டிருந்தது. கண்ணாடியில் கண்ணைப் பார்த்தேன், வெள்ளையாகத்தான் இருந்தது.

முதலில் உனக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். போனேன். நூற்று நாற்பத்தேழில் நூற்று முப்பத்தொன்பது பெயரைச் சேர்த்துவிட்டார்கள். எட்டுப் பேர் இதற்குள் செத்துப்போயிருக்கிறார்கள். நீதான் நோட்டைக் கொடுத்தாய் என்று நான் சொல்லவில்லை. பதிவேட்டின் நகலை யாரிடம் கொடுத்தீர்கள் என்று என்னைக் கேட்டார்கள், "என் தம்பிகிட்ட" என்றேன். கேட்டதற்கு மட்டும்தான் பதில். உன் வார்டுச் செயலாளர் அந்த இடத்திலேயே எழுந்து வெளியே போய் யாருக்கோ போன் செய்தார், உனக்குத்தான் என்று நினைக்கிறேன். என் மீது துறை விசாரணைக்கு எழுதுவார்களாம். பென்ஷன் போனால் அத்தானுடையது இருக்கிறது. ஜூனில் தெருவில் உன்னோடு நடக்க மாட்டேன். என் ஓட்டு உனக்கு இல்லை. சாப்பாடு உண்டு, எப்போது வேண்டுமானாலும் வா.

இனி நான் சொல்லாமல் விட்டது.

விசாரணை ஒரு நீளமான அறையில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், ஓடாத ஒரு மின்விசிறி. அலுவலர் சின்னப் பெண், முப்பது வயதுக்குள் இருக்கும், பாவம், மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். வரிசைக்காரர்கள் பின்னால் சுவரோரம் நின்றார்கள்.

"இது என் கையெழுத்து. கடைசிக் கட்டத்தில இருக்கறது பொய்" என்றேன்.

"எது பொய்யும்மா?"

"குடிபெயர்ந்தனர்ங்கறது. யாரும் எங்கயும் போகல. ஊசி போடாததை மறைக்க நான்தான் எழுதினேன்."

பின்னால் சலசலப்பு வரும் என்று நினைத்தேன். வரவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தப் பெண் என்னை எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னாள், போட்டேன். "அப்போ இந்தத் தாள் எழுதின வருஷம் ஒவ்வொரு வீட்லயும் யார் யார் இருந்தாங்கன்னு உங்களால சொல்ல முடியுமா?" என்று கேட்டாள். முடியாது என்று நினைத்துத்தான் கேட்டாள். நான் முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தேன். ஒன்று, ஆறு பேர், கிழவருக்கு இழுப்பு. இரண்டு, மூன்று பேர். அவள் ஒரு தாளில் எழுதிக்கொண்டே வந்தாள். ஒன்பது வருடமாக யாருக்கும் சொல்லாததெல்லாம் வாயில் தானாக வந்தது. முப்பத்தாறாம் வீட்டில் நாலு பேர் என்றேன்.

"அஞ்சு" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

சுமைக்காரியின் வீடு. நான் உனக்கு எழுத முடியாது என்றேனே, அது இதுதான். தட்டம்மை வந்தபோது அவள் மகளுக்கு இரண்டரை வயது. வரிசையில் பிள்ளைகள் கிடக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பதிவேடு இல்லாமல், சீருடை இல்லாமல், திருடி மாதிரி மருந்தை எடுத்துக்கொண்டு போனேன். மற்றவர்கள் பிழைத்தார்கள், அவள் மகள் நாலாம் நாள் போய்விட்டாள். அந்த மாத அறிக்கையில் தட்டம்மை மரணம் என்ற இடத்தில் நான் பூஜ்யம் போட்டேன். வேறு என்ன போடுவது? யாருமே இல்லாத வரிசையில் யார் சாக முடியும்? சுமைக்காரிக்கு என்மேல் அன்று முதல் நன்றி. அக்கா மருந்தோடு வந்தாங்க என்று ஊரெல்லாம் சொல்லுவாள். அப்புறம் ஊசி ஏன் வரவில்லை என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அன்றைக்கு அந்த அறையில்தான் அவளுக்குத் தெரிந்தது.

அவள் முன்னால் வந்தாள். என்னைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்துப் பேசினாள்.

"அப்ப அஞ்சு பேரு. என் பொண்ணோட சேத்து அஞ்சு. எழுதிக்குங்க."

"அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்கா?"

"இல்ல. அந்த வருஷமே போயிட்டா."

"இது வாக்காளர் பட்டியல்மா. சின்னப் பிள்ளைங்க பேரு வராது. இறந்தவங்க பேரும் வராது."

"தெரியும். எழுதிட்டு அடிச்சிருங்க" என்றாள். "எழுதாமயே எப்படிம்மா அடிப்பீங்க?"

அந்தப் பெண் தன் தாளில் நாலை அடித்து ஐந்து என்று போட்டு, "பேர் சொல்லுங்க" என்றாள். சுமைக்காரி சொன்னாள். எழுதியதை அலுவலர் வாசித்துக் காட்டினாள். சரி என்று தலையாட்டிய பிறகு, ஸ்கேல் வைத்து அந்தப் பெயர்மேல் ஒரு கோடு போட்டாள்.

சுமைக்காரி திரும்பிப் போய்ச் சுவரோரம் நின்றுகொண்டாள். நான் முப்பத்தேழாம் வீட்டுக்குப் போனேன். அவள் மகளை நாலு நாள் மடியில் போட்டு மருந்து ஊட்டியவள் நான், தம்பி. வரிசையில் எல்லாரும் பாப்பா என்றே கூப்பிட்டார்கள், நானும் பாப்பா என்றே கூப்பிட்டேன். அவளுக்கு ஒரு பெயர் இருந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அக்கா